கூடத்துக்குப் போன என் ஃபேன்

வேலூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஃபேன் ஓடாமல் தூக்கம் வராது. மார்கழியில்கூடப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலைக்கு மேலே ஃபேனைச் சுழலவிட்டுத்தான் நாங்கள் தூங்குவோம். தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்தால், மாமனார் வீட்டில் ஒரு அறையிலும் ஃபேன் இல்லை. அது அவருக்குப் பெருமை வேறு.

"இது பெங்களூரும்மா. இங்க ஃபேன் யாருக்கு வேணும்? ஜன்னலைத் திற, போதும்" என்பார். திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். ஏப்ரல் முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்துவிட்டு, ஆபீஸ் மேஜையில் தலை சாய்த்தேன். டேபிள் ஃபேன் போதாதா என்றார் கணவர். கொசுவலையைத் தாண்டி அந்தக் காற்று என்னிடம் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும்.

என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருநாள் வெடித்தேன். "சரி, வாங்குறதுதான் வாங்குறோம், நல்லதா வாங்குவோம்" என்றார் மாமனார். அங்கேதான் ஏமாந்தேன். மொத்தக் குடும்பமும் கடைக்குக் கிளம்பியது. வெள்ளை அழுக்காகும் என்றார் மாமியார். பழுப்பு அறையை இருட்டடிக்கும் என்றாள் நாத்தனார். கடைக்காரர் ஒவ்வொன்றாக ஓடவிட, மாமனார் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். எதில் காற்று அதிகம் வரும் என்று கேட்டவள் நான் ஒருத்திதான். "காத்து எல்லாத்துலயும் வரும்மா" என்றார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது ஒரு தட்டு பஜ்ஜியில் முடிவெடுத்தவர்கள்! கடைசியில் தந்த நிறத்தில் பொன் வளையம் போட்ட ஒன்று வீட்டுக்கு வந்தது.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் எங்கள் அறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொக்கி எங்கம்மா?" என்றார். ஃபேனே வேண்டாத ஊரில் வீடு கட்டியவர் கொக்கி எதற்கு வைப்பார்? கடையில் அவ்வளவு நேரம் நிறம் பேசினோமே, என்னையும் சேர்த்து ஒருத்தராவது கூரையைப் பார்த்தோமா? துளை போட்டு மாட்டலாம் என்றார் எலக்ட்ரீஷியன். "கான்கிரீட்டைக் குடைஞ்சா மழைக்கு ஒழுகும். பேடவே பேடா" என்றார் மாமனார். வேண்டவே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லும்போது அவருக்குக் கன்னடம் வந்துவிடும். வீட்டிலேயே ஒரே ஒரு கொக்கி, தொட்டில் கட்டுவதற்காக வைத்தது, கூடத்தில் இருந்தது. என் ஃபேன் அங்கே ஏறியது.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காற்று. மாமனார் அதற்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடானதும் வெட்கத்தை விட்டேன். எல்லோரும் பார்க்கப் பாயையும் தலையணையையும் கூடத்தின் நடுவில் போட்டு, ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினேன். படுத்ததுதான் தெரியும்.

விழித்தபோது உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. கழுத்துவரை கம்பளி. மேலே ஃபேன் அசையாமல் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார் மாமியார். "சுருண்டு படுத்திருந்தியேம்மா, பாவமா இருந்துச்சு. குளிருதுன்னு நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றவர், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். "ஐயோ, இப்படி வேர்த்திருக்கே! ஜுரமா?"

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முந்தானையால் என் முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆத்திரம் தாங்காமல் அழுகை வந்தது.

அழுவதைப் பார்த்ததும், இன்னொரு கம்பளி எடுத்துவர எழுந்து போனார்.