ஓடுகிற வண்டியைப் பிரித்த ரைஹானத்

மேலப்பாளையம் ரைஹானத்துக்கு ஒரு குணம். ஒரு பொருள் கெட்டுப்போகிறவரை காத்திருக்க அவளால் ஆகாது. மிக்ஸி வயர் லேசாகத் தோலுரிந்தால் அன்றைக்கே மாற்றியாக வேண்டும். துபாயிலிருக்கிற புருஷன் போனில் ஒரு தடவை இருமினால் போதும், இங்கிருந்தே டாக்டரிடம் விரட்டிவிடுவாள். ஊர் இதற்குக் கிறுக்கு என்று பெயர் வைத்திருக்கிறது. ஊருக்கென்ன, நரம்பில்லாத நாக்கு.

அவள் ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் கார். அதற்கு நிரந்தரச் சவாரி ஒன்றுதான். சேரன்மகாதேவியில் சுந்தர்ராமன் என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அவரைப் பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். திரும்பும்போது மனுஷர் பிழிந்துபோட்ட துணியாக இருப்பார். அந்த நிலையில் அவரை வைத்துக்கொண்டு பத்தமடைப் பக்கம் உச்சிவெயிலில் வண்டி நின்றுவிட்டால்?

அறுந்தால் எஞ்சினையே நிறுத்திவிடுகிற டைமிங் பெல்ட்டை மாற்றுகிற கெடு வந்தது. அந்த வண்டியில் எஞ்சினுக்குத் தண்ணீர் தள்ளுகிற வாட்டர் பம்ப் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சவாரி இல்லாத நாளாகப் பார்த்து மெக்கானிக் ஜெபஸ்டினிடம் வண்டியை விட்டாள்.

"பெல்ட்டோட பம்பையும் மாத்திருப்பா. தெர்மோஸ்டாட்டும் புதுசு போடு."

"எக்கா, பம்பு நல்லாத்தான ஓடுது?"

"நல்லா ஓடும்போதே மாத்தணும். பம்பு இறுகிச்சுன்னா பெல்ட்டையும் சேத்துல்லா இழுத்துட்டுப் போவும்."

டீ குடிக்க வந்திருந்த காஜா முகைதீன் சிரித்தான். அவனும் டிரைவர்தான், வண்டி இவளுடையதைவிடப் புதுசு. சுந்தர்ராமன் சார் சவாரி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"லாத்தா, ஓடுத வண்டியப் பிரிக்கது உங்களாலதான் முடியும்!"

பம்ப் வெளியே வந்தது. கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது, குறை ஒன்றுமில்லை. காஜாவுக்குக் கொண்டாட்டம். ஆனால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்த ஜெபஸ்டின் சிரிக்கவில்லை. கூடு காலி. எஞ்சின் சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடுகிற அந்தச் சாமானை, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு என்று முந்தி எவனோ ஒரு புண்ணியவான் கழற்றி எறிந்திருக்கிறான். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் துருவேறி டீ டிகாஷன் நிறத்தில் இறங்கியது.

"கூலன்ட் ஊத்தலயாக்கா?"

ரைஹானத்துக்கு முகம் சிவந்துவிட்டது. வாராவாரம் சேரன்மகாதேவிப் பாலத்தடியில் கேன் நிறையப் பிடித்து ஊற்றியவள் அவள்தான். "தாமிரபரணித் தண்ணிப்பா..." என்றாள் மெல்ல.

"மனுசன் குடிக்கதுக்கு அதவிட உசந்த தண்ணி கிடையாதுக்கா. இரும்புக்கு அந்த ருசி தெரியாதுல்லா."

தப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் ரைஹானத் சாக்குச் சொல்லவில்லை. முழுசாக அலசச் சொன்னாள். அலசவும், மதுரையிலிருந்து தெர்மோஸ்டாட் வரவும் மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். மறுநாள் காலையிலோ டயாலிசிஸ்.

உடனே சாருக்குப் போன் போட்டு, பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட் கதை முழுவதையும் சொன்னாள்.

"பரவால்லம்மா, ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கறேன். உன் வண்டிதான் எனக்குப் பழக்கம்" என்றார் அவர்.

அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது! இருந்தாலும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "வண்டி நிக்கும், சார். உங்க உடம்பு நிக்குமா? காஜா வருவான், பேசாம ஏறிப் போங்க."

போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற காஜாவிடமே மறுநாள் சவாரியைச் சொன்னாள். கைக்கு வந்த சவாரி கைமாறிப் போனால் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போனில் மூச்சுவிடாமல் காஜாவுக்குப் பாடம் எடுத்தாள்: படியில் ஏறும்போது இடது கையைப் பிடிக்காதே, ஊசி போடுகிற கை அது, வரும்போது ஏசி காற்று முகத்தில் படக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அவள் வண்டி தயாராகி, பச்சைக் கூலன்ட் நிறைந்து நிற்கும்போது காஜா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"சாரை நல்லபடியா கொண்டு விட்டுட்டேன். அடுத்த டிரிப்பு நீங்களே போங்க லாத்தா. பம்பு எப்ப மாத்துன, தெர்மோஸ்டாட் இருக்கா, தண்ணி ஊத்துதியா கூலன்ட் ஊத்துதியான்னு வழியெல்லாம் கேக்குதாரு. ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியல."

சொல்லிவிட்டுத் தன் சாவியை ஜெபஸ்டினிடம் நீட்டினான். "ஏலே, என் வண்டியையும் பிரிச்சுப் பாத்துரு."

ரைஹானத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் எட்டி அந்தச் சாவியைப் பிடுங்கி அவன் கையிலேயே திணித்தாள்.

"நாளன்னைக்கு டிரிப்பு முடிஞ்ச பெறகு பிரிக்கட்டும். என் வண்டி இப்பத்தான பிரிச்சு மாட்டிருக்கு. ஒரு டிரிப்பு போயிட்டு வரங்காட்டியும் உன் வண்டி ரோட்டுல நிக்கணும். வழியில எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சாரை யாரு வந்து கூட்டிட்டுப் போவா?"