விடுபட்ட மழை நாட்கள்

ஆர் என்ற புள்ளிவிபர நிரல்மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிடிவாதம். ஒரு வார அளவீடுகளில் ஒன்று இல்லாவிட்டாலும், சராசரி கேட்டால் "தெரியாது" என்ற பொருளில் இரண்டு எழுத்துகளைத் தந்துவிட்டு நின்றுவிடும். விடுபட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று நாமே சொன்னால்தான் எண் வரும். நாம் எதுவும் சொல்லாதபோது ஒரு சார்பு, அதாவது கணக்குப் போடும் சிறு நிரல், தானாக எடுத்துக்கொள்வதை இயல்புநிலை என்போம். சராசரிக்கு 'ஒதுக்காதே' என்பதுதான் இயல்புநிலை.

மீனவர் சங்கங்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில், பனிச்சங்கேணியில் ஒரு மீனவர் சங்கம், கடலோடு தொடுக்கும் உப்புநீர் ஏரியான களப்பில் இறால் குஞ்சு விட ஆயத்தமாக இருந்தது. அடுத்த நாள் காலை பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் வரும். நீரில் உப்பு குறைந்திருந்தால் அவை பிழைக்காது. சங்கத்தின் அந்தப் பருவமே போய்விடும். உறுப்பினர்கள் தினமும் தோணியில் போய் உப்புத்தன்மையை அளந்து தொலைபேசியில் அனுப்புவார்கள். நான் அட்டவணையில் இட்டு, அலுவலகத்து அக்கா எழுதிய சார்பை ஓட்டுவேன். அது வாரச் சராசரியைக் கணித்து, விடலாமா கூடாதா என்று சொல்லும்.

அன்று 'விடலாம்' என்று வந்தது. அறிக்கையை அக்காவிடம் கொடுத்தேன். அவர் வவுணதீவில் வயல் செய்யும் குடும்பத்தவர்; வயல்வெளியை வட்டை என்பார். எண்ணைப் பார்த்தார், போன வாரத்து எண்ணையும் கேட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"எங்கட வட்டைக்குள்ள தண்ணி வரம்பு மேவிக் கிடக்கு," என்றார். "களப்பு மட்டும் எப்பிடி கா உப்புக் குறையாம இருக்கும்?"

தன் சார்பைத் திறந்தார். முதல் வரியிலேயே இருந்தது: விடுபட்டதை ஒதுக்கு என்பதை இயல்புநிலையாக்கி வைத்திருந்தார். அளந்தவர்கள் எப்போதாவது அனுப்ப மறந்துவிடும் காலத்தில் எழுதியது; அப்போது அதில் தீங்கு இருக்கவில்லை. அட்டவணையில் வெறுமையாக இருந்த நாட்களை வானிலைப் பதிவோடு ஒப்பிட்டோம். எல்லாமே அடைமழை நாட்கள். சராசரியில் வெயில் நாட்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

யாரிடமும் கலந்து பேசாமல் அவர் உடனே சங்கச் செயலாளரை அழைத்தார். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, நாளைக்குக் குஞ்சு விடவேணாம். நான் எழுதினதிலதான் பிழை. மழை நாளுகள விட்டுட்டுக் கணக்குப் பாத்திருக்கு."

செயலாளர், மழைக்குள் தோணி இறக்க எங்களுக்கு என்ன விசரா, உங்கள் கணினியை வேண்டுமானால் அனுப்புங்கள், அதற்குத் தடிமன் பிடிக்காதுதானே என்றார். அக்காவும் சிரித்தார்.

"ஓம் அண்ணே. நீங்க போகாத நாளுதான் எங்களுக்கு வேணும்."

களப்புப் பாலத்திலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கினால் தோணி தேவையில்லை என்று கடைசியில் வழி சொன்னது செயலாளர்தான். அப்போதே குடையோடு போய் அளந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அந்த இடைவெளியில் அக்கா சார்பைத் திருத்தினார். அவர் 'ஒதுக்காதே' என்று மாற்றுவார் என நினைத்தேன். மாற்றவில்லை, இயல்புநிலையையே நீக்கிவிட்டார்; இனி ஒவ்வொரு முறையும் நாமே சொல்ல வேண்டும். அதோடு விடவும் இல்லை. ஒரு பெறுமானம் தேவைப்படும் இடம் வரும்வரை ஆர் அதைத் தேடாது. கொடுக்காமல் விட்டாலும் பாதி வேலையைச் செய்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வைத்து, பிழைச்செய்தியைத் தமிழில் எழுதினார்: 'விடுபட்ட நாட்களை என்ன செய்வது? ஏன் விடுபட்டன என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.' நான் படித்த எந்தப் பாடத்திலும் இவ்வளவு மரியாதையான பிழைச்செய்தியைக் கண்டதில்லை.

தொலைபேசி ஒலித்தது. செயலாளர் ஒரே ஒரு எண்ணைச் சொன்னார். எங்கள் சராசரியில் பாதிகூட இல்லை. கருவி பழுதோ என்று மறுகாவும் அளந்ததாகவும், அதேதான் வந்ததாகவும் சொன்னார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. அக்கா நன்றி சொல்லிவிட்டு, குஞ்சுகளை வைத்திருக்க முடியுமா என்று பொரிப்பகத்தை அழைத்தார். முணுமுணுத்தபடி சம்மதித்தார்கள்.

மழை விட்டு உப்பு ஏறியபின் ஒரு காலையில் குஞ்சுகளை விட்டார்கள். அன்று நானும் பாலத்தடியில் கரையோரம் நின்றேன். பைகளை உடனே அவிழ்க்கவில்லை; நீரின் சூடு ஒத்துவரட்டும் என்று களப்பில் மிதக்கவிட்டிருந்தார்கள். அக்கா குனிந்து ஒரு பையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.