வாய்தாம்மா

கோர்ட் வளாகத்தில் அந்த வக்கீலுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ‘வாய்தாம்மா’ என்றால்தான் கேன்டீன்காரருக்கும் விளங்கும். சீனியர் வரமுடியாத நாளெல்லாம் நீதிபதி முன் நின்று வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பது அவள் வேலை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சீனியருக்கு அவள் வாயாலேயே வந்துபோன காய்ச்சலையும் வயிற்றுவலியையும் கூட்டிப் பார்த்தால், அந்த மனுஷன் உயிரோடு நடமாடுவதே அதிசயம்.

அவருடைய மனுக்களை எழுதுவதும் அவள்தான். வாதாடுவது மட்டும் அவர். கல்யாணத்துக்கு முன்னால் ஜூனியராகச் சேர்ந்தவள். மகள் தோளுயரம் வளர்ந்தும் இன்னும் ஜூனியர்தான். ‘ரொம்பப் பொறுமைசாலி’ என்று எல்லோரும் மெச்சினார்கள். பொறுமையாவது மண்ணாவது! பயம்.

அன்று காலை அவள் கையில் இருந்தது ஒரு நர்ஸின் வழக்கு. பிரிந்துபோன கணவன் குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக டிக்கெட் எடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை விமானம். அதற்குப் பிறகு தடை உத்தரவு வாங்கி நாக்கு வழிக்கவா?

சீனியரிடமிருந்து போன் வந்தது. “இங்க இன்னொரு கேஸ்ல மாட்டிக்கிட்டேன். வாய்தா வாங்கிடு.”

“சார், வெள்ளிக்கிழமை குழந்தை போயிடும். நானே பேசிடட்டுமா?”

“நீயா?” சிரித்தார். “முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே. சொன்னதைச் செய்.”

பின்பெஞ்சில் நர்ஸ் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தாள். “மேடம், சார் வந்துடுவார்ல?”

வக்காலத்துப் பத்திரத்தில் சீனியர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தும் இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “நான் பேசறேன்,” என்றாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பார்த்ததும் நிம்மதியாகக் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

“ரெடியா?” நீதிபதி தலை நிமிரவில்லை.

“வாய்தா வேணும் ஐயா.”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்னால், “ஐயோ, என் பொண்ணு!” என்ற குரல். நீதிபதியின் பேனா தேதி போட இறங்கியது.

“எழுதாதீங்க ஐயா!”

அந்தக் கூடத்தில் இப்படி ஒரு நீதிபதியை அதட்டியவர் யாருமில்லை.

“மன்னிக்கணும். பழக்கத்துல வாய் தவறிடுச்சு. வாய்தா வேண்டாம், நான் வாதாடறேன்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “வாய்தா கேட்டு அழுதவங்களைப் பாத்திருக்கேன். கொடுக்கும்போது வேண்டாம்னவங்களை இப்பதான் பாக்கறேன். பேசுங்க.”

எதிர்த்தரப்பு வக்கீல் முந்திக்கொண்டு, “லீவுக்குச் சும்மா சுத்திப்பாக்கத்தான் போறாங்க ஐயா,” என்றார்.

“சுத்திப்பாத்துட்டுத் திரும்பி வர்ற குழந்தையை ஏன் ஸ்கூல்லேருந்து நிறுத்தினாங்க?”

அவர் தன் கட்சிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவள் விடவில்லை. குழந்தை திரும்புவதற்கு டிக்கெட் உண்டா? அங்கே எந்த வீட்டில் தங்கப்போகிறது? அடுத்தடுத்துக் கேட்டாள். பல வருஷமாக உள்ளேயே கிடந்த குரல் அது, அவளுக்கே புதிதாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேர்த்துவிட்டது.

“கட்சிக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லணும் ஐயா. ஒரு... ஒரு வாய்தா...”

“தாராளமா. அதுவரைக்கும் குழந்தை அம்மாகிட்ட இருக்கட்டும். ஊரை விட்டு நகரக் கூடாது,” என்று நீதிபதி எழுதினார்.

வராந்தாவில் நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கும் கண் நிறைந்தது. போன் அடித்தது. சீனியர். இந்த வேலை போனாலும் போகும் என்று தெரிந்தேதான் எடுத்தாள்.

“என்னம்மா, வாய்தா வாங்கிட்டியா?”

“இல்ல சார். இன்னிக்கு அவங்க வாங்கிட்டாங்க.”