எருமைப் படத்துக்கு நான் விட்ட இடைவேளை

இடைவேளை விடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் தியேட்டர் நடத்திப் பார்த்ததில்லை. நான் நடத்துகிறேன். தச்சநல்லூரில் இரண்டு ஸ்கிரீன், கீழே கேண்டீன், பின்னால் வண்டி நிறுத்த இடம், எல்லாம் என் பேரில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு வள்ளியூர்ப் பக்கமிருந்து ஓடி வந்தவன் நான். இதே தியேட்டரில் முறுக்குத் தட்டு தூக்கினேன், சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன், டிக்கெட் கிழித்தேன், கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்தேன். கடைசியில் என்னை முறுக்கு விற்க விட்ட முதலாளியின் பிள்ளைகளிடமிருந்து கட்டடத்தையே வாங்கினேன். படித்தவன் எவனாவது இதைச் செய்திருந்தால் கல்லூரிக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். என்னைக் கூப்பிட்டு நன்கொடை கேட்கிறார்கள்.

வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. அந்த ஊர்களில் யாருக்கும் பஜ்ஜி தின்னத் தோன்றாது போலிருக்கிறது. தமிழ் பேச வைத்து இங்கே கொண்டு வரும்போது தியேட்டர்க்காரன்தான் எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். மற்ற ஊர்களில் கடிகாரத்தைப் பார்த்து நறுக்கென்று நிறுத்துவார்கள். திரையில் பேசுகிறவன் பாதிச் சொல்லோடு நிற்பான். நான் படத்தைப் பார்க்க மாட்டேன், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகைப் பார்ப்பேன். ஒரு மலைப்பாம்புப் படத்துக்கு, பாம்பு வாயைத் திறந்து, உள்ளே போனவனின் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிகிற இடத்தில் விளக்கைப் போட்டேன். கேண்டீனில் ஒரு வடை மிஞ்சவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகவுமில்லை. ஆள் திரும்பி வர வேண்டுமென்றால் ஏதாவது பாக்கி இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். வரக்கூடாதென்றால் ஒன்றும் பாக்கியில்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். ஆளை விரட்ட இடைவேளை விட்டது என் ஆயுளில் ஒரே ஒரு படத்துக்குத்தான்.

அதற்குக் காரணம் என் இளைய மகள். இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். போன சித்திரையில் லீவுக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில், வேலையை விடப் போவதாகவும் ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேரப் போவதாகவும் சொன்னாள். பெரிய இயக்குநராக இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்? இவர் எடுத்த இரண்டு படமும் எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. ஓடாததுதான் அவருக்குப் பெருமையாம். அவருக்கென்று போனுக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர் படத்தை மனப்பாடமாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, பிடிக்காதவனை மனுஷனே இல்லை என்று எழுதுகிறது. இன்னொரு கூட்டம் அவர் கையையும் காலையும் கட்டி ஆற்றில் போடச் சொல்கிறது. நடுவில் நின்று 'சுமாரா இருக்கு' என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

“கதை என்ன?” என்று கேட்டேன்.

“கதைன்னு சொல்ல முடியாதுப்பா.”

“சொல்ல முடியாததை எதுக்கு எடுத்தான்?”

“ஒரு ஆளு தலையில கதவைத் தூக்கிட்டு ஆத்தோரமா நடக்காரு. பாபநாசத்துல இருந்து.”

“வீடு மாத்துதானா?”

“இல்லப்பா. ஆத்து நடுவுல மணல்ல அந்தக் கதவை நட்டு வச்சுத் தட்டுதாரு. அந்தப் பக்கமிருந்து ஒரு எருமை தொறக்கு.”

“எருமைக்குக் கை ஏதுளா?”

“அதான் படம்” என்றாள். அவள் அம்மா சிரிப்பை அடக்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் கத்தினேன், அவளும் கத்தினாள். என் குரல்தான் அவளுக்கும் வாய்த்திருக்கிறது. தெருவில் இரண்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். கடைசியில் அவளே ஒரு பந்தயம் போட்டாள். “உங்க தியேட்டர்லயே போடுங்க. நம்ம ஊரு ஆளுகளையே கூப்பிடுங்க. பாதிப் பேரு கடைசி வரைக்கும் இருந்தா நான் போவேன். இல்லைன்னா கம்பெனிக்கே திரும்பிப் போறேன், இனி சினிமான்னு வாயத் தொறக்க மாட்டேன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். பாளையங்கோட்டையில் பேராசிரியர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சினிமாக் குழு உண்டு. வெள்ளைச் சுவரைக் காட்டினாலும் அவர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வரலாம், கணக்கில் சேர மாட்டார்கள் என்றேன். அதற்கும் சரி என்றாள்.

இயக்குநர் படத்தோடு நேரில் வந்தார். நெல்லை வெயிலில், கழுத்து மூடிய கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். வணக்கம் சொல்வதற்கு முன், “அண்ணாச்சி, நேத்து என்ன கனவு கண்டீங்க?” என்று கேட்டார்.

“நீங்க வராத மாதிரி” என்றேன்.

அவர் அதை ரசித்துக் கையைத் தட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் கோபப்பட வேண்டும். திட்டுக்கும் சந்தோஷப்படுகிறவனை என்ன செய்வது? கேண்டீனில் நாற்காலி போட்டேன், உட்கார மாட்டேன் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தால் யோசனை இடுப்போடு நின்றுவிடுமாம். நின்றபடியே மூன்று ரசவடை தின்றார். யோசனை எங்கே நின்றதோ, வடை ஒழுங்காக உள்ளே போனது.

பிறகு சொன்னார், “என் படத்துக்கு இடைவேளை கிடையாது அண்ணாச்சி. மூச்சுக்கு இடைவேளை உண்டா?”

“மூச்சுக்கு இல்ல தம்பி. மூத்திரத்துக்கு உண்டு. இது என் தியேட்டர்.”

காட்சிக்கு முதல் நாளே ஆபரேட்டரையும் வைத்துக்கொண்டு படத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். கதவு வருகிறது, எருமை வருகிறது. வீட்டுக்குள் மட்டும் மழை பெய்கிறது, வெளியே வெயில் அடிக்கிறது. கொடியில் காயப்போட்ட சட்டை ஒன்று ஆடுகிறது, அதுதான் கதாநாயகனின் செத்துப்போன அப்பாவாம். எருமை கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, மறுபடி சாத்திவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு கதவு மட்டும் ஆற்று மணலில் நிற்கிறது. ஆள் இல்லை, பாட்டு இல்லை, காக்காகூட இல்லை. ஆபரேட்டர் கொட்டாவி விட்டான். இதுதான் இடம் என்று முடிவு செய்தேன். ஒன்றும் பாக்கியில்லை. இங்கே விளக்கைப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு காத்திருக்கிற எவனும் திரும்பி வரமாட்டான்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் படம் போட்டோம். மார்க்கெட் அண்ணாச்சிமார் குடும்பத்தோடு வந்தார்கள். என் நெடுநாள் சிநேகிதரான கறிக்கடைக்காரர், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். காலை ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையோடு ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்தார். என் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பேராசிரியர்கள் முன்கூட்டியே வந்து நடு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் ஸ்வெட்டரோடு திரைக்குக் கீழே தரையில், ஜனங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தன் படத்தை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஆரம்பித்ததுமே சிரிப்பு கிளம்பியது. “ஏலே, தலை மாத்திப் புடிலே, கழுத்து ஒடிஞ்சிரும்” என்று பின்னாலிருந்து ஒருவர் கதவு தூக்குகிறவனுக்கு யோசனை சொன்னார். அரிசி மில் அண்ணாச்சி ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, ஒம்ம மேல உள்ள மரியாதைக்கு இம்புட்டு நேரம் இருந்தேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரைத் தொடர்ந்து இன்னொரு குடும்பமும் போனது. அவர்களுக்கு நானே கதவைத் திறந்துவிட்டேன். மகள் ஓரச் சுவரில் சாய்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் அப்படித்தான் கடிப்பாள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

எருமை கதவைச் சாத்தியது. மணல் வந்தது. கையைக் காட்டினேன், விளக்கு எரிந்தது.

எல்லோரும் கேண்டீனுக்கு வந்தார்கள். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள், பார்த்தேன். டீயை வாங்கினார்கள். கறிக்கடைக்காரர் முதல் வாய் குடித்துவிட்டுச் சொன்னார், “அந்த எருமை அவன் பொண்டாட்டி வே.”

“எப்படிச் சொல்லுதீரு?” என்றார் பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடை அண்ணாச்சி.

“தொறந்துச்சு, மூஞ்சியப் பாத்துச்சு, சாத்திட்டுப் போயிட்டு. வேற யாரு அப்படிச் செய்வா?”

“கதவத் தட்டுனவனை வெளிய நிறுத்துனது தப்பு” என்றார் டீச்சர். “அது பொண்டாட்டி இல்லை. அது அவன்தான். அவன் யாருக்கோ தொறக்காம விட்டிருக்கான்.”

“டீச்சர், எருமை அவனா? அப்ப கதவு தூக்குனது யாரு?” என்றார் கறிக்கடைக்காரர்.

“அதுவும் அவன்தான்.”

“ரெண்டும் அவனா? ஒரு சம்பளத்துக்கா?”

பேராசிரியர் ஒருவர் கையில் பப்ஸோடு நடுவே நுழைந்தார். இந்த மாதிரிப் படங்களில் அர்த்தம் தேடக்கூடாது, அனுபவிக்க மட்டும்தான் வேண்டும் என்று விளக்கினார்.

“ஏன் சார், நீங்க மட்டும் தேடி வச்சிக்கிட்டு எங்களைத் தேடாதேங்கீயளா?” என்றார் கறிக்கடைக்காரர். பேராசிரியர் பப்ஸைக் கடித்தார்.

பிறகு எல்லோருமாக இயக்குநரைச் சூழ்ந்துகொண்டார்கள். எருமை யாரென்று நேராகவே கேட்டார்கள். அவர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிதானமாக, “எனக்குத் தெரியாது” என்றார்.

அதோடு கூட்டம் அவரை அடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் கறிக்கடைக்காரர் ஜவுளிக்கடைக்காரரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தீரா? எடுத்தவனுக்கே தெரியலை. அப்ப நான் சொல்லுததுதான் சரி.”

“அதெப்படி? அப்ப நான் சொல்லுததும் சரியாத்தான் இருக்கும். உள்ள வாரும், பாப்போம்.”

நான் மணி அடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் அடிக்காமல் இருந்தேன். “ஏலே, படத்தப் போடு!” என்று அவர்களே கத்தினார்கள். டீச்சர் எல்லோருக்கும் முந்தி உள்ளே போய்விட்டார். வண்டிச் சாவிகள் மறுபடி சட்டைப் பைக்குள் போனதைப் பார்த்தேன்.

இத்தனை வருஷத் தொழிலில் என்னை ஏமாற்றிய இடைவேளை அது ஒன்றுதான். ஒன்றும் பாக்கியில்லை என்று நான் நினைத்த இடத்தில் அத்தனையும் பாக்கியாகக் கிடந்திருக்கிறது. புரிந்த படத்தில் நிறுத்துவதற்கு இடம் உண்டு. எங்கேயும் புரியாத படத்தை எங்கே நிறுத்தினாலும் அது பாம்பு வாய்தான். இது எந்தத் தியேட்டர்க்காரனுக்கும் தெரியாது, நானாகக் கண்டுபிடித்தது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிற ஆளில்லை நான். ஏசியை நிறுத்தச் சொன்னேன். சித்திரை மாதம், மத்தியானம். துண்டு வைத்திருந்தவர்கள் துண்டால் விசிறினார்கள், பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். எழுந்திருக்கத்தான் ஒருவரும் இல்லை. ஸ்வெட்டர் போட்ட மகானுக்கோ இப்போதுதான் குளிர் விட்டது போல முகம் தெளிந்தது.

மகள் பைய என் பக்கத்தில் வந்து நின்றாள். “அப்பா, ஏசி.”

“கரண்ட் கம்மியா வருது.”

“கேண்டீன்ல ஃபேன் ஓடுது.”

“அது வேற லைன்.”

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் துப்பட்டா முனையை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தாள். நான் போய் ஆபரேட்டரிடம் ஏசியைப் போடச் சொன்னேன்.

கடைசியில் எருமை மறுபடி வந்தது. இந்த முறை கதவைத் திறக்கவில்லை. கொடியில் ஆடிய சட்டையை வாயில் கவ்விக்கொண்டு, கதவைச் சுற்றி நடந்து, அவன் முன்னால் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான். கை நீளம் அதிகமாக இருந்தது. அவ்வளவுதான் படம். கறிக்கடைக்காரர் “பொண்டாட்டிதான் வே!” என்று இருட்டில் சத்தம் போட்டார். “எந்தப் பொண்டாட்டி வே மாமனார் சட்டையக் கொண்டு வந்து தருவா?” என்று ஜவுளிக்கடைக்காரரின் குரல் கேட்டது. இருவரும் வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார மாட்டார்கள்.

எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தவர்கள் பாதிக்கு மேல், கண்ணாலேயே தெரிந்தது. மகள் படியருகே நின்றாள். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன், அழுதுவிடுவாள் போல இருந்தாள்.

“குப்பைப் படம்” என்றேன்.

“சரிப்பா.”

“அவன் ஒரு திருட்டுப் பய. தனக்குத் தெரியாததை ஊராருகிட்ட கேட்டுக்கிட்டுத் திரியுதான்.”

“சரிப்பா. ஆனா நீங்க ஏன் கடைசி வரைக்கும் நின்னீங்க?”

“யாரு இருக்கா, யாரு போறான்னு பாக்க வேண்டாமா?”

“பாதிக்கு மேலன்னு ஏசி நின்னப்பவே தெரிஞ்சு போச்சே. அதுக்கப்புறமும் கதவைப் புடிச்சிட்டு அங்கனயே நின்னீங்க.”

வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான். அதை மாற்றிப் பேசிப் பழக்கமில்லை. இயக்குநரைக் கூப்பிட்டேன். என் மகளை வெயிலில் நிறுத்தினால் அந்த ஸ்வெட்டரை எருமைக்குப் போட்டுவிடுவேன் என்று சொன்னேன். அவர் உடனே பையிலிருந்து பேனாவை எடுத்து அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அடுத்த படத்தில் வந்தாலும் வரும்.

அந்த வாரமே அவள் ரயில் ஏறினாள். சொந்தக்காரர்கள் போனில், “மக சினிமாவுக்குப் போயிட்டாளாமே, ஹீரோ யாரு?” என்று குத்தலாக விசாரித்தார்கள்.

“எருமை. ஒங்களுக்குப் புரியாது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.