பின்கதவுக் கோடு

வெயில்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பட்டறைக்குள் எரியும் விளக்கை அவர் நம்புவதில்லை. எந்த நிறத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். சட்டைத் துணி வாங்கப் போனாலும் கடைக்காரரைத் துணியோடு தெருவுக்கு வரவைப்பார்.

"என்னையும் வெயில்ல நிக்கவச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னாரு" என்பாள் அவர் மனைவி.

"அன்னிக்கு மேகமூட்டம். அதான் ஏமாந்துட்டேன்" என்பார் அவர்.

அடிபட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் அடிப்பது யாருக்கும் வரும், அதைப் பழைய பெயிண்டோடு கரைத்துவிடுவதுதான் வேலை என்பது அவர் கட்சி. புதுசு எங்கே முடிந்தது, பழசு எங்கே தொடங்கியது என்று பார்க்கிற கண் தடுமாற வேண்டும். யாரும் சொல்லித்தந்து வந்ததல்ல. உடைக்கப் போட்ட கார்களின் கதவுகளை வாங்கிவந்து, அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து அவரே கண்டுகொண்டது.

ஒருநாள் தங்கையும் தங்கை புருஷனும் காரோடு வந்து இறங்கினார்கள். சில்வர் நிறக் கார். முன்கதவு ஏதோ தூணில் இடித்து உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியிருந்தது. அதில் வழக்கு ஒன்றுமில்லை. இடித்தது நான்தான் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டுவிட்டார். வழக்கு பின்கதவில் இருந்தது. கைப்பிடிக்குக் கீழே முழ நீளத்துக்கு ஒரு கோடு. அதைப் போட்டது யார் என்று ஒரு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, முன்கதவை மட்டும் பாரு. பின்கதவுல கை வச்சே, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அந்தக் கோடுதான் எனக்குச் சாட்சி. கீழேருந்து மேலே ஏறுது பாரு. இவரு பையைத் தூக்கி வைக்கிற லட்சணம் அது."

"நல்லாப் பாருங்க மச்சான். வளையல் போட்ட கை இழுத்த கோடு" என்றார் மாப்பிள்ளை. "அழிச்சுட்டா இவ தப்பிச்சுடுவா. தொடவே கூடாது."

ஒரு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். அந்தச் சந்தோஷத்தில் வெயில்காரரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

நசுங்கலை எடுத்து, பட்டி வைத்து, தேய்த்து, முன்கதவுக்குச் சில்வர் அடித்து, மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியரும் அடித்துக் காய்ந்த பிறகு காரை வெயிலுக்குத் தள்ளினார். பின்கதவு வருஷக்கணக்காக வெயில் குடித்த சில்வர். எத்தனை தரம் கலந்து பார்த்து அடித்தும் முன்கதவு அதைவிட ஒரு நூல் வெளுப்பு. இடையில் இருந்த கதவிடுக்கு இரண்டையும் வெட்டிப் பிரித்துக் காட்டியது. பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு கிளம்பினவன் மாதிரி நின்றது கார்.

சில்வர் அப்படித்தான். பக்கத்துக் கதவையும் முழுக்கத் தேய்த்து, நிறத்தை அதன் பாதிவரை கொண்டுபோய் மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கி, மேலே கிளியர் போட்டால்தான் அடங்கும். அந்த வழியில்தான் கோடு காலை நீட்டிப் படுத்திருந்தது.

"யாருக்குத் தெரியப்போவுது? குடுத்து அனுப்புங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியுதே."

கார் தெருத்தெருவாகப் போகும். 'இது வெயில்காரர் பண்ணினது' என்று எவனாவது கையை நீட்டுவான். முப்பது வருஷம் சம்பாதித்த பேர் ஒரு கதவிடுக்கில் விழுந்துபோகும். தங்கையையும் மாப்பிள்ளையையும் வரவழைத்து, காரை வெயிலில் காட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் தங்கை.

"இவளுக்குக் கண்ணு தெரியாது மச்சான். ஆனா எனக்கும் நல்லாத்தான் தெரியுது."

கெஞ்சிப் பார்த்தார். கோட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் மாட்டேன் என்றார்கள். வெயில்காரர் கதவைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"போன வருஷம் வீட்டுக்கு வந்திருந்தீங்கல்ல? ஏணியை நகத்தும்போது உரசிடுச்சு. சொல்லப் பயந்துட்டேன்."

"அடப்பாவி அண்ணே! இந்த மனுஷனை எத்தனை நாள் பட்டினி போட்டிருக்கேன் தெரியுமா?"

"பட்டினி கிடக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "நடுவுல பெரிய மனுஷனாட்டம் வந்து, ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கன்னு புத்தி வேற சொன்னாரே! நீ வாம்மா. இவர்கிட்ட நமக்கென்ன பேச்சு?"

"ரெண்டு கதவும் பளிங்கு மாதிரி இருக்கணும். இல்லேன்னா தெரியும் சேதி" என்று விரலை ஆட்டிவிட்டுத் தங்கை படியிறங்கினாள். மாப்பிள்ளை குடையை விரித்தார். ஒரே குடைக்குள் இருவரும் அவரைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் பின்கதவில் உப்புத்தாளை வைத்துவிட்டார் வெயில்காரர். கோடு போனது. ஸ்பிரே பிடித்த கையை விசிறி மாதிரி வீசி, வீச்சுக்கு வீச்சு தூரம் கூடவும் பெயிண்ட் குறையவும் அடித்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் மனைவி வந்து நின்றாள். "ஏணியாம் ஏணி. நம்மகிட்ட ஏது ஏணி? நிஜமா யாருதான் போட்டது அந்தக் கோட்டை?"

"எந்தக் கோடு?"

அவள் குனிந்து பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தாள்.

"சரிதான். உங்க தங்கச்சி சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கப் போறா."

"காலையிலேருந்து நாலு பேர் கூப்பிட்டுத் திட்டிட்டாங்க" என்றார். கவலை முகத்தில் இல்லை. கதவு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிறத்தை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று தேடினார். அகப்படவில்லை. எழுந்து மறுபக்கம் போய், முதலிலிருந்து தேட ஆரம்பித்தார்.