எப்சிபா பார்த்துக்கொண்ட கரை

தேனி பஜாரில் பாத்திரக்கடை நடத்தும் எப்சிபாவுக்கு இருபது வருடங்களாக மாதங்களெல்லாம் பாத்திரங்களாகவே வந்து போயின. தை என்றால் பொங்கல் பானை. வைகாசி என்றால் கல்யாணச் சீருக்குக் குடமும் அண்டாவும். வெளியே மழை பெய்கிறதா என்பதுகூட, கடைக்குள் நுழைகிறவர்கள் குடையை மடக்குவதைப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி இருந்தவளிடம் ஒருநாள் டிபன் பாக்ஸ் வாங்க வந்தவர் ஹேமாவதி. பெரியகுளத்தில் கல்லூரி ஆசிரியை. பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். வைகை அணையின் தண்ணீர் தேங்கும் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்களாம். வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது, என்ன முளைத்தது, என்ன பறவை வந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஒரு துண்டுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லையாம்.

“நான் பார்க்கவா மேடம்? எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“தெரிய வேண்டியதில்லக்கா. பார்க்கணும், அம்புட்டுத்தான்.”

கணவர் பொன்னுராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். “அது என்ன கடலா, அலை எண்ணப் போறதுக்கு?”

அவள் போனாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே சேலையோடு பஸ் ஏறிவிடுவாள். கார்த்திகையில் கருவேல மரங்களின் இடுப்புவரை நின்ற தண்ணீர், தை பிறந்ததும் மெல்லப் பின்வாங்கியது. விட்டுப்போன சேறு வெடித்தது, வெடிப்பில் கோரை முளைத்தது, கோரைக்குள் கொக்குகள் இறங்கின. ஒவ்வொரு வாரமும் வேறொரு ஊருக்கு வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. திங்கட்கிழமை கடைக்கு வருகிறவர்கள் குக்கர் விலை கேட்டால், கரையில் பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வாள்.

பங்குனியில் தண்ணீருக்கு நடுவே முதுகு காட்டிய மணல்மேடு, சித்திரையில் கரையோடு சேர்ந்துகொண்டது. அதன்மேல் முதன்முறையாக நடந்தபோது தலைக்கு மேலே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். கருப்புத் தொப்பி போட்டதுபோல் தலையும் மஞ்சள் அலகும் கொண்ட ஒரு பறவை, அவள் உச்சந்தலையைக் குறிபார்த்துப் பாய்ந்தது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலடியில், மணலில் சும்மா கிள்ளி எடுத்ததுபோல் ஒரு குழி. அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட மூன்று முட்டைகள். கொஞ்சம் தள்ளி, முட்டைகளோடு இன்னொரு குழி.

படம் எடுத்து அனுப்பிய கையோடு ஹேமாவதி கூப்பிட்டார். “அக்கா, அது ஆற்று ஆலா! இந்தக் கரையில முட்டை வச்சு நாங்க யாருமே பார்த்ததில்ல. மெதுவா பின்னால வந்துருங்க.”

பின்னால் வந்தவள் கண்டது, மேட்டை நோக்கிப் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் ஆட்டு மந்தையை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இரண்டு கைகளையும் விரித்து மந்தைக்குக் குறுக்கே நின்றாள்.

“என்னாத்தா இது, ஆட்டை மறிக்கிற?” என்றார் மந்தையின் பின்னால் வந்த கிடைக்காரர் ஒச்சாண்டி.

“அங்கன முட்டை கெடக்குண்ணே! ஆடு மிதிச்சா போச்சு!”

ஒச்சாண்டி கம்பை ஊன்றி எட்டிப் பார்த்தார். மந்தையை வளைத்துத் திருப்பிவிட்டார். “மத்த கிடைக்காரகளுக்கும் சொல்லிர்றேன். நீ பயப்படாம போ.”

அடுத்த வாரத்தின் நடுவில், வைகை வரும் வழியில் மேலே இருக்கும் கடமலைக்குண்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், “எங்க பக்கம் மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. ஆத்துல தண்ணி வந்துருச்சு” என்றார் சந்தோஷமாக. அந்தத் தண்ணீர் எங்கே வந்து சேரும் என்று எப்சிபாவுக்குத் தெரியும். கல்லாச் சாவியைப் பொன்னுராஜ் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினாள்.

மேட்டின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. எப்சிபா போனில் சொன்னதும் ஹேமாவதி வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வனக்காவலரோடு வந்து சேர்ந்தார். கூட்டை இடம் மாற்றினால் தாய் திரும்பாது, இருந்த இடத்திலேயே உயர்த்த வேண்டும் என்றார். எதில் வைத்து உயர்த்துவது? எப்சிபா போனை எடுத்தாள்.

“என்னங்க, சிமெண்டு சுமக்குற சாந்துச் சட்டி ரெண்டு எடுங்க. அடியில ஆணி வச்சு ஓட்டை போடுங்க, மழைத்தண்ணி வடியணும். காலிச் சாக்கும் வேணும். நீங்களே கொண்டாங்க.”

“முகூர்த்த நேரத்துல கடையைச் சாத்தவா?”

“சாத்துங்க!”

அந்தக் குரலை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. சட்டிகள் ஸ்கூட்டரில் தடதடக்க வந்து சேர்ந்தார். நால்வருமாகச் சாக்குகளில் மணல் அள்ளினார்கள். மேலே ஆலாக்கள் அலறிச் சுழன்றன. பொன்னுராஜின் வழுக்கையில் ஒரு கொத்துகூட விழுந்தது. வனக்காவலர் முட்டைகளை அடிமணலோடு சட்டிக்கு மாற்ற, மூட்டைகளை அடுக்கி, சட்டிகளை அவற்றின்மேல் பதித்து, சுற்றிலும் மணலைச் சரித்துவிட்டு, கருவேல மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள்.

ஆலா வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மணலில் இறங்கிச் சட்டியை உற்றுப் பார்த்தது. பறந்துபோனது. எப்சிபா வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தது. விளிம்பில் ஏறி, முட்டைகளை அலகால் தள்ளிச் சரிசெய்து, மெல்ல அமர்ந்தது.

“உக்காந்துருச்சு! ஏ எப்சிபா, உக்காந்துருச்சு!” என்று கத்தியவர் பொன்னுராஜ்தான். வனக்காவலர் அவர் வாயைப் பொத்தினார்.

இரண்டில் ஒரு கூட்டை மறுநாளே காக்கைகள் சூறையாடிவிட்டன. எப்சிபா அன்று சாப்பிடவில்லை. ஏறிய தண்ணீர் மூட்டைகளைத் தொட்டுவிட்டு வடிந்தது; இன்னொரு சட்டியில் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. பஞ்சுருண்டை போலப் புல்லுக்குள் ஓடித் திரிந்து, தாய் ஊட்டிய மீனில் வளர்ந்தன. ஆனி மாதம் அணை நிறையத் தொடங்கி, மேடே காணாமல்போவதற்குள் இரண்டும் தண்ணீர்மேல் தாழப் பறந்ததை எப்சிபா போனில் படம் பிடித்தாள். அவை பறந்த வேகத்தில் படம் பாதி மங்கல். ஆனாலும் தன்னார்வலர் குழுவில் அன்று முழுவதும் அதே பேச்சு.

இப்போது ஒச்சாண்டியிடமும் அவள் நம்பர் இருக்கிறது. போன வாரம் கடையில் கூட்டம் மொய்த்துக் கிடந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஆத்தா, வெள்ளையா, கரண்டி மாதிரி மூக்கோட ஒரு பறவைக் கூட்டம் வந்து எறங்கிருக்கு. நான் என் ஆயுசுல பார்த்ததில்ல. எப்ப வர்ற?”

“இந்தா, செருப்பு போட்டுட்டேன்” என்றாள் எப்சிபா.