அவரைப் பந்தலும் என் அரிவாளும்

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குள் ஒரு வெட்டுக்காரன் உறங்கிக்கொண்டிருப்பதாக நம்பினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவன் நான். அதுவரை வெட்டியது பிறந்தநாள் கேக் மட்டும். அதுவும் கோணலாக.

கோச்சடையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காலிமனை. எட்டு வீட்டுக்காரர்கள் பாத்தி பிரித்துக் காய்கறி போடுகிறோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் களையெடுத்து, மண்ணைக் கொத்தி, எரு போட்டு வைத்தால் மார்கழிப் பனிக்குக் கத்தரியும் முள்ளங்கியும் கிளம்பும். அதற்கு ஒரு களைக்கொத்து போதும். நானோ அவனியாபுரம் பட்டறைக்குப் போய் அரிவாள் அடித்து வாங்கி வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் செய்ததை விவசாயம் என்று சொல்ல முடியாது. கோரையின் கழுத்தை அறுத்தேன். பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கித் தரையில் அடித்தேன். குப்பைமேனியை மிதித்தே கொன்றேன். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மரவட்டையை இரண்டாக்கினேன். பரணிப் பாட்டில் வருவதுபோலப் பேய்கள் வந்து கூழ் காய்ச்சாததுதான் குறை.

பக்கத்துப் பாத்தியில் ஒரு பந்தல். அதை மூடியிருந்த கொடி, எல்லைக் கயிற்றைத் தாண்டி என் பக்கமும் படர்ந்திருந்தது. பந்தல் நிறைய இலை; ஒரு பூ இல்லை, பிஞ்சு இல்லை. கவனிப்பாரற்ற பந்தலில் காட்டுக்கொடி ஏறிவிட்டது என்று தீர்ப்பளித்தேன். கயிற்றைத் தாண்டினேன். கட்டைவிரல் தடிமன் தண்டு, ஒரே வெட்டு. அந்த வேகத்தில் பந்தல்காலும் சாய்ந்தது.

அந்தப் பாத்திக்கார டீச்சர் பின்னால் நின்றிருந்தார். மிஷன் பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"யாரு வெட்டுனது?"

கையில் அரிவாளோடு நிற்பவனிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

"காட்டுக்கொடின்னு நெனச்சேன் டீச்சர். இம்புட்டு எலை இருக்கு, ஒரு பூவு இல்லையே."

"யோவ், அவரைய்யா அது. பனி விழுந்தாத்தான் பூக்கும்."

சாய்ந்த மூங்கிலை உருவினார். "ஏசப்பா, என்னய மன்னியும்" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டார். முதல் அடி தோளில். இரண்டாவது முழங்காலுக்குக் கீழே. மூன்றாவது விழும்போது நான் எருக்குழியில் கிடந்தேன். அரிவாள் எங்கே போனதென்று தெரியவில்லை.

அடித்து முடித்த பிறகுதான் அழுதார். ஆடியில் அந்த விதையை ஊன்றிய வாரமே அவர் கணவருக்குப் பக்கவாதம். வலக்கை போயிற்று. நன்றாக இருந்த இடக்கையையும் தூக்க மனமில்லாமல், சோற்றையும் டீச்சரே ஊட்ட, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பேசுவது ஒரே வார்த்தை: "பூத்திருச்சா?" "பனி விழட்டும்" என்று தினமும் சொல்லித்தான் டீச்சர் அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"என்னால சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லுங்க."

எரு நாற்றத்தோடு கட்டிலருகே போய் நின்றேன். "அண்ணே, அவரைய நாந்தான் தெரியாம வெட்டிட்டேன்."

அவர் சுவரிலிருந்து மெதுவாக முகத்தைத் திருப்பினார். ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர் இருந்ததை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். அது என் புருவத்துக்கு மேலே வந்து மோதியது. அடுத்து, தண்ணீரோடு செம்பு. கூடவே, பள்ளிக்கூட வளாகத்தில் புழங்காத ஒரு வசவு, துளி குழறலும் இல்லாமல்.

மூன்று தையல்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் எங்கள் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கட்டு நன்றாகத் தெரியும்படி நெற்றியை வெளிச்சத்துக்குக் காட்டினேன்.

"காலையில அவரு எடக்கையாலேயே இட்லிய எடுத்துச் சாப்ட்டாரு சார். உங்களத் திட்டிக்கிட்டே நாலு இட்லி" என்றார். "நாளைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் டம்ளரா எடுத்து வைக்கிறேன்."